ஏஏ கூட்டத்துக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

குடியை நிறுத்த நினைக்கிறவருக்கு நம் ஊரில் யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய், கோயிலில் கயிறு கட்டு, மாலை போடு என்பார்கள். மாலை போட்ட 48 நாளும் சொட்டுக்கூடத் தொடாமல் இருந்துவிட்டு, மலையிறங்கி ஊர் திரும்பிய அன்றே கடை வாசலில் நிற்கிறவர்களை எல்லாத் தெருவும் பார்த்திருக்கிறது. அந்த 48 நாள் நடிப்பில்லை. மாலை கழுத்தில் இருந்தவரை குருசாமி இருந்தார், கூடவே நாலு சாமிகள் இருந்தார்கள், விடியற்காலைக் குளியலும் சாயங்கால பஜனையும் இருந்தன. மாலையைக் கழற்றியதும் ஆட்கள் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். குடிப்பவர் மறுபடி தனியாள்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏஏ, அந்த ஆட்களை வருஷம் முழுக்கத் தருகிற ஏற்பாடு. அவ்வளவுதான் அதன் ரகசியம் என்று நான் நினைக்கிறேன். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் குடியால் நொந்துபோன இரண்டு பேர், ஒருவர் பங்குச்சந்தைத் தரகர், இன்னொருவர் அறுவை மருத்துவர், ஒருவரோடொருவர் பேசிக்கொண்டே குடிக்காமல் இருந்ததில் தொடங்கியது. இந்தியாவுக்கு 1957இல் மும்பை வழியாக வந்தது. சேர்வதற்குக் கட்டணம் இல்லை, படிவம் இல்லை, ஆதார் கேட்க மாட்டார்கள். குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் மட்டும் போதும். அந்த விருப்பம் உங்களுக்கு அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை, போகலாம்.

முதலில் உடம்பைப் பாருங்கள்

கூட்டத்தைத் தேடுவதற்கு முன்னால் ஒரு கேள்விக்கு ஒளிவுமறைவு இல்லாமல் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா? அந்த நடுக்கம் அடங்க ஒரு கட்டிங் தேவைப்படுகிறதா? ஆம் என்றால், நாளையிலிருந்து ஒரேயடியாக நிறுத்துகிறேன் என்று வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு படுக்காதீர்கள். தினமும் நிறையக் குடித்த உடம்பு திடீரென்று சரக்கு கிடைக்காதபோது எதிர்த்து நிற்கும். கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரத்திலேயே வியர்வை, நடுக்கம், குமட்டல் தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாள் கழித்துச் சிலருக்கு இல்லாத பூச்சியும் வராத ஆளும் கண்ணுக்குத் தெரியும், நேரம் காலம் புரியாது. அந்தக் கட்டத்தில் சிகிச்சை இல்லாவிட்டால் உயிர் போகலாம். வலிப்போ குழப்பமோ வந்தால் யோசிக்காமல் 108க்கு அழையுங்கள்.

எனவே அப்படிப்பட்டவர் முதலில் போக வேண்டிய இடம் மருத்துவமனை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, குடிநோய்க்கு அங்கே பார்ப்பார்கள். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. அடையாறு பக்கம், சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய அறக்கட்டளையின் டிடிகே மருத்துவமனை குடி, போதை சிகிச்சைக்கென்றே நடக்கிறது. எங்கே போனாலும் எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதைக் குறைத்துச் சொல்லாதீர்கள். ‘எப்பவாவது ஒரு பீர் டாக்டர்’ என்று சொல்லி, தெருமுனை கிளினிக்கில் குளுக்கோஸ் பாட்டில் மட்டும் ஏற்றிக்கொண்டு வருவது ஆபத்து. நாள்பட்டுக் குடித்தவருக்கு வைட்டமின் பி1 குறைந்திருக்கும்; அதைக் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படக்கூடும்.

தனியார் மறுவாழ்வு இல்லங்களில் நல்லவையும் உண்டு, ஆளைக் கட்டிப்போட்டு அடிக்கிறவையும் உண்டு. சேர்ப்பதற்கு முன் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன்படி பதிவு செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள், மருத்துவர் தினமும் வருகிறாரா என்று பாருங்கள். நடுராத்திரி வண்டியோடு வந்து தூக்கிப்போகிறோம் என்று சொல்கிற இடத்தைத் தவிர்ப்பது நல்லது.

நடுக்கமெல்லாம் இல்லை, ஆனால் நிறுத்த முடியவில்லை என்கிறவர்கள் நேராகக் கூட்டத்துக்கே போகலாம்.

கூட்டம் எங்கே நடக்கிறது

இந்திய ஏஏயின் பொதுச் சேவை அலுவலகம் மும்பையில் இருக்கிறது. அதன் இணையதளத்தில் உதவி எண்ணும் ஊர்வாரியான கூட்ட விவரமும் கிடைக்கும். கூகுளில் ‘ஏஏ மீட்டிங்’ என்று போட்டு ஊர்ப் பெயரைச் சேர்த்தாலும் ஏதாவது ஒரு எண் கிடைக்கும். போதை மறுவாழ்வுக்கான மத்திய அரசின் இலவச எண் 14446. மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம். சிகிச்சை எடுத்த மருத்துவமனையில் ஆலோசகரைக் கேட்டாலும் பக்கத்துக் கூட்டத்தைச் சொல்வார். பல மருத்துவமனைகளுக்கு ஏஏ ஆட்களே வந்து பேசுவதும் உண்டு.

ஒரு எச்சரிக்கை. இணையத்தில் இருக்கும் பட்டியல் பழசாக இருக்கலாம். பள்ளிக்கூடத்தில் நடந்த கூட்டம் பரீட்சை நேரத்தில் இடம் மாறும், மண்டபத்தில் கல்யாணம் வந்தால் நாள் மாறும். அதனால் போன் செய்துவிட்டே கிளம்புங்கள்.

அந்த போன்தான் பலருக்கு மலை. எண்ணை அழுத்திவிட்டு, மணி அடிப்பதற்குள் துண்டித்துவிடுவார்கள். எதிர்முனையில் பேசுகிறவர் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஆள் இல்லை. அவரும் குடித்து நிறுத்தியவர், வீட்டில் சட்னிக்கு தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போது போனை எடுக்கிறவர். பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் போகும்:

“சார், மீட்டிங் எங்க நடக்குதுன்னு தெரியணும்.”

“சொல்றேன் தம்பி. உங்களுக்கா, இல்ல வீட்ல யாருக்காவதா?”

“எனக்குத்தான்.”

“நல்லது. இன்னிக்குக் குடிச்சீங்களா?”

“மத்தியானம் கொஞ்சம்.”

“சரி, பரவாயில்ல. எந்த ஏரியாவுல இருக்கீங்க?”

முழுப்பெயர் கேட்க மாட்டார். ஏன் குடித்தாய் என்று விசாரணையும் வைக்க மாட்டார். தனியாக வரக் கூச்சமாக இருக்கிறது என்று சொன்னால், பஸ் நிறுத்தத்தில் வந்து நிற்கிறேன் என்று பெரும்பாலும் அவரே சொல்லிவிடுவார். சொன்னால் ஒப்புக்கொள்ளுங்கள்.

திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா என்று மறக்காமல் கேளுங்கள். திறந்த கூட்டத்துக்கு மனைவி, அண்ணன், நண்பர், மாணவர் யார் வேண்டுமானாலும் வரலாம். மூடிய கூட்டம் குடிப்பிரச்சினை இருப்பவர்களுக்கு மட்டும். வீட்டு ஆள் யாரையாவது துணைக்கு அழைத்துப்போவதானால் திறந்த கூட்டம்தான் சரி. பெண்கள் பெண்களுக்கான கூட்டம் உண்டா என்று கேட்கலாம். குடிக்கிற பெண்ணை ஊர் பேசும் பேச்சு தனி ரகம் என்பதால், வெளியே தெரியாமல் தொடங்க ஜூம் வழியாக நடக்கும் கூட்டங்கள் அவர்களுக்குப் பெரிய வசதி. கேமராவை அணைத்துக்கொண்டு, முதல் எழுத்தை மட்டும் பெயராகப் போட்டு உட்காரலாம்.

போகும் நாள்

மாலைக் கூட்டங்கள் பெரும்பாலும் ஏழு மணியை ஒட்டித் தொடங்கி ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் நடக்கும். டாஸ்மாக் கடை பகல் 12 முதல் இரவு 10 வரை. வேலை முடிந்து கால் தானாகக் கடைப்பக்கம் திரும்பும் அதே நேரத்தில்தான் கூட்டமும். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுப் போகலாம் என்று திட்டம் போடாதீர்கள். வேலையிலிருந்து நேராகப் போங்கள். வழியில் இரண்டு இட்லியாவது சாப்பிட்டுக்கொள்ளுங்கள். காலி வயிறு குடியைக் கேட்கும்.

இடம் ஒரு பள்ளி வகுப்பறையாக இருக்கலாம், சமுதாயக் கூடமாக இருக்கலாம், பல ஊர்களில் சர்ச் வளாகத்தில் ஓர் அறை. வாசலில் பெரிய பேனர் எதிர்பார்க்காதீர்கள். வட்டத்துக்குள் முக்கோணம் வரைந்த சின்ன பலகை இருந்தால் உண்டு. இல்லாவிட்டால் வாட்ச்மேனிடம் “ஏஏ மீட்டிங் எங்கண்ணே?” என்று கேளுங்கள். அவருக்கு உங்களைப் போல நூறு பேரைத் தெரியும். பத்து நிமிஷம் முன்னாலேயே போனால் நல்லது. எல்லாரும் உட்கார்ந்தபின் கதவைத் திறந்து நுழைவது முதல்நாளில் கஷ்டம்.

அன்று குடித்திருந்தால் போகலாமா? போகலாம். சத்தம் போடாமல் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டால் யாரும் வெளியே அனுப்ப மாட்டார்கள். பேச மட்டும் வேண்டாம். வண்டி ஓட்டிக்கொண்டும் போக வேண்டாம்.

தெரிந்தவர் யாராவது உள்ளே இருந்தால்? சின்ன ஊரில் இந்தப் பயம் நியாயமானது. ஆனால் அவரும் உங்களைப் போலவே அங்கே வந்திருக்கிறார், அவருக்கும் அதே பயம் உண்டு. யாரைப் பார்த்தோம், யார் என்ன சொன்னார்கள் என்பதை வெளியே கொண்டுபோவதில்லை என்பது ஏஏயில் அடிப்படை ஒழுங்கு. அப்படியும் மனம் ஒப்பவில்லையா, பஸ் பிடித்து அடுத்த ஊர்க் கூட்டத்துக்குப் போங்கள். பலர் அப்படித்தான் தொடங்குகிறார்கள்.

உள்ளே என்ன நடக்கும்

நாற்காலிகள், ஒரு மேசை, சுவரில் 12 படிகளும் (குடியிலிருந்து மீள ஒருவர் செய்ய வேண்டியவை) 12 மரபுகளும் (குழு நடக்க வேண்டிய முறை) எழுதிய தொங்கல், ‘இன்று மட்டும்’ போன்ற வாசகங்கள். ஒருவர் தலைமை ஏற்றுக் கூட்டத்தை நடத்துவார். அந்தப் பொறுப்பு மாறிக்கொண்டே இருக்கும். ஒரு நிமிட மௌனம், ஒரு பிரார்த்தனை, ஏஏ பற்றிய சின்ன முன்னுரை. அப்புறம் ஒவ்வொருவராகப் பேசுவார்கள். பெயர் சொல்லி, ‘நான் ஒரு குடிநோயாளி’ என்று சொல்லித் தொடங்குவது வழக்கம். உங்களைப் பேசச் சொன்னால், ‘இன்னிக்குக் கேக்க மட்டும் வந்திருக்கேன்’ என்றால் போதும். யாரும் வற்புறுத்த மாட்டார்கள். பேசினால் மூன்று நான்கு நிமிஷத்தில் முடித்துக்கொள்ளுங்கள். ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கிடுவதோ அறிவுரை சொல்வதோ இல்லை. நம் ஊரில் மூன்று நிமிஷம் குறுக்கீடு இல்லாமல் பேசக் கிடைப்பதே அபூர்வம். புதியவர்கள் சிலருக்கு அதிலேயே தொண்டை அடைத்துக்கொள்ளும்.

கேட்கும்போது ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். ஒருவர் வீட்டை விற்றுக் குடித்ததாகச் சொல்வார், இன்னொருவர் பிளாட்பாரத்தில் படுத்ததைச் சொல்வார். உடனே மனசுக்குள் ஒரு குரல், ‘நான் அவ்வளவு மோசமில்லையே, நமக்கு வேலை இருக்கு, வண்டி இருக்கு’ என்று கணக்குப் போடும். அந்தக் கணக்கு உங்களை வாசலுக்கு அழைத்துப் போய்விடும், அங்கிருந்து கடைக்கு. வித்தியாசத்தை விட்டுவிட்டு ஒற்றுமையைத் தேடுங்கள். பாட்டிலை ஒளித்துவைத்தது, ஒரு ரவுண்டோடு நிறுத்தலாம் என்று போய் முடியாமல் வந்தது, காலையில் மனைவி முகத்தைப் பார்க்க முடியாமல் இருந்தது. இவை வாடகை வீட்டுக்காரருக்கும் பங்களாக்காரருக்கும் ஒன்றுதான்.

நடுவில் ஒரு பையோ தட்டோ சுற்றி வரும். அறை வாடகைக்கும் டீக்கும் அது. ஏஏ வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை, அரசிடமும் வாங்குவதில்லை. புதியவர் போடாமல் பக்கத்தில் தள்ளிவிடலாம்.

கடவுள் விஷயம் வந்தே தீரும். 12 படிகளில் கடவுள் வருகிறார், தன்னிலும் மேலான ஒரு சக்தி என்ற பேச்சு வருகிறது. இதற்காகவே முகம் சுளித்துக் கிளம்பிப் போனவர்கள் உண்டு. சர்ச் அறையில் நடப்பதைப் பார்த்து மதமாற்றமோ என்று சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. சர்ச் வெறும் வாடகை இடம். படிகளிலேயே ‘நாங்கள் புரிந்துகொண்ட வகையில்’ என்று சேர்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள். மேல்மருவத்தூருக்கு மாலை போடுகிறவரும், வெள்ளிக்கிழமை தொழுகிறவரும், பெரியார் சிலைக்கு மாலை போடுகிறவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். நம்பிக்கை இல்லாதவர்கள் பலர் அந்தக் குழுவையே மேலான சக்தியாக வைத்துக்கொள்கிறார்கள். பிரார்த்தனையின்போது வாய் அசைக்காமல் நின்றால் யாரும் கேட்கப் போவதில்லை.

கூட்டம் முடிந்ததும் ஓடாதீர்கள்

புதியவர்கள் பெரும்பாலும் கடைசி வரி முடிவதற்குள் செருப்பைத் தேடுவார்கள். என்னைக் கேட்டால், கூட்டத்தின் பாதி பலன் அதற்குப் பின் வரும் கால் மணி நேரத்தில்தான் இருக்கிறது. டீ, பிஸ்கட், நின்றபடி பேச்சு. அங்கே செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: மூன்று பேர் எண்ணாவது வாங்குங்கள். ஆண் ஆண்களிடம், பெண் பெண்களிடம் வாங்குவது நல்ல பழக்கம். வாங்கியதை மறுநாள் ஒரு தடவை சும்மா அழைத்துப் பேசிப் பாருங்கள். சாதாரண நாளில் பேசிப் பழகினால்தான் சம்பள நாள் சாயங்காலம் கடை வழியாக நடக்கும்போது அந்த எண்ணை அழுத்தக் கை வரும்.

முதல் 90 நாளில் 90 கூட்டம் என்று ஏஏயில் சொல்வார்கள். சென்னை போன்ற ஊரில் வேறு வேறு குழுக்களுக்குப் போய் அதைச் செய்துவிடலாம். வாரம் ஒரு கூட்டம் மட்டும் நடக்கும் ஊரில் அதையும் ஜூம் கூட்டங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு கூட்டம் பிடிக்கவில்லை என்றால் ஏஏயே பிடிக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். சில குழுக்களில் ஆங்கிலம் அதிகம் இருக்கும், சிலவற்றில் ஓய்வு பெற்றவர்கள் மட்டும் இருப்பார்கள், சில இடங்களில் ஒரே ஆள் நெடுநேரம் பேசுவார். நாலைந்து குழுவைப் பார்த்துவிட்டு, எங்கே மனம் ஒட்டுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

சில வாரம் போனபின் ஸ்பான்சர் ஒருவரைக் கேளுங்கள். சில வருஷமாகக் குடிக்காமல் இருந்து, படிகளைத் தானும் செய்து பார்த்த, உங்களை வழிநடத்தக்கூடிய ஒருவர். ‘கொஞ்ச நாளைக்கு எனக்கு ஸ்பான்சரா இருப்பீங்களாண்ணே’ என்று கேட்டால் போதும். ஒத்துவராவிட்டால் மாற்றிக்கொள்ளலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஸ்பான்சர் கடன் கொடுப்பவரும் இல்லை, மருத்துவரும் இல்லை. பணம் கேட்கிறவர், சீட்டு பிடிக்கிறவர், இன்ஷூரன்ஸ் விற்கிறவர், டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர், இவர்களிடமிருந்து விலகி நில்லுங்கள். மாத்திரை மருத்துவர் பாடு. அதில் தலையிடக் கூடாது என்பதுதான் ஏஏயின் நிலைப்பாடும். குடி ஆசையைக் குறைக்க மருத்துவர் கொடுக்கும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரொசேட் போன்ற மருந்துகளை எடுத்துக்கொண்டே கூட்டத்துக்கு வரலாம்.

இதெல்லாம் வேலை செய்யுமா என்று படித்தவர்கள் கேட்பார்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2020இல் 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களோடு, சேர்த்துப் பார்த்தது. குடியை முழுதாக விட்டு இருப்பதில், ஏஏவோடு இணைத்துவிடும் முறையான சிகிச்சை மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட மேலாகவே இருந்தது என்பது முடிவு. எல்லாருக்கும் பலிக்கும் என்று அதற்கு அர்த்தமில்லை. மூன்று மாதம் ஒழுங்காகப் போயும் ஒட்டவில்லை என்றால், மனநல மருத்துவரிடம் வேறு வழி கேளுங்கள்.

ஸ்லிப் ஆகிவிட்டால்

கல்யாண வீடு, துக்க வீடு, தீபாவளி, பழைய நண்பன் துபாயிலிருந்து பாட்டிலோடு வருவது. எங்கேயாவது வழுக்கும். பசி, கோபம், தனிமை, களைப்பு இந்த நாலில் ஒன்று இருக்கும்போது குடி நினைப்பு வரும் என்பது ஏஏக்காரர்கள் அடிக்கடி சொல்வது, உண்மையும்கூட. குடித்துவிட்டால், மறுநாள் கூட்டத்துக்குப் போய் அதைச் சொல்லுங்கள். நாள் கணக்கு ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கும். யாரும் திட்ட மாட்டார்கள். அறையில் பாதிப் பேர் அந்த வழியாக வந்தவர்கள்தான். வெட்கப்பட்டு ஒரு மாதம் கழித்துப் போகலாம் என்று தள்ளுவதுதான் ஆளைக் கவிழ்க்கும். ஆனால் நிறைய நாள் மறுபடி தொடர்ந்து குடித்திருந்தால், மேலே சொன்ன வலிப்பு ஆபத்தும் திரும்ப வரும். முதலில் மருத்துவமனை.

வீட்டிலிருப்பவர்களுக்கு

குடிப்பவர் வர மறுத்தாலும் நீங்கள் போகலாம். குடும்பத்தினருக்கென்று ஆல் அனான் என்ற தனி அமைப்பு 1951இலிருந்து இருக்கிறது. அங்கே பேச்சு உங்களைப் பற்றியதாக இருக்கும். கணவர் நிறுத்துவாரா என்பதற்கு அங்கே வாக்குறுதி கிடைக்காது. அவர் சார்பாக ஆபீசுக்கு போன் செய்து காய்ச்சல் என்று பொய் சொல்வதை எப்படி நிறுத்துவது என்பது கிடைக்கும். பல வீடுகளில் மனைவி முதலில் போய், ஆறு மாதம் கழித்துக் கணவர் போகிறார்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். சாப்பாட்டில் கலந்து கொடுத்தால் குடியை மறப்பார் என்று விற்கும் பொடிகளையும், குடியை நிறுத்த மருத்துவர் எழுதும் டைசல்ஃபிராம் மாத்திரையையும் அவருக்குத் தெரியாமல் கொடுக்காதீர்கள். டைசல்ஃபிராம் உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் மேற்பார்வையில் எடுப்பவருக்கான மருந்து அது.

உங்கள் ஊரில் கூட்டமே இல்லை என்றால்

இரண்டு மூன்று குடிநோயாளிகள் குடிக்காமல் இருப்பதற்காகக் கூடினாலே அதை ஏஏ குழு என்று அழைத்துக்கொள்ளலாம். முதலில் பக்கத்து ஊர்க் குழுவுக்குச் சில மாதம் போய்ப் பழகுங்கள். அங்கிருந்து ஒருவர் உங்கள் ஊருக்கு வாரம் ஒருமுறை வர ஒப்புக்கொண்டால், பொதுச் சேவை அலுவலகத்தில் சொல்லிவைத்தால் பட்டியலில் சேர்ப்பார்கள், தமிழில் அச்சிட்ட கையேடுகளும் வாங்கிக்கொள்ளலாம். அறைக்கு உள்ளூர் பள்ளித் தலைமையாசிரியரையோ சர்ச் பாதிரியாரையோ கேளுங்கள். சும்மா தருகிறேன் என்றாலும் சிறு வாடகை கொடுத்துவிடுவதே ஏஏ வழக்கம். நாளையும் நேரத்தையும் மாற்றாமல் வையுங்கள். யாரும் வராத வாரத்திலும் போய்க் கதவைத் திறந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும்.